குடியாதவர் ஈரலும் மரமஞ்சளும்



மதுவைத் தொட்டறியாத ஒருவரின் ஈரல், நெடுங்காலம் குடித்தவரின் ஈரலைப்போற் கொழுப்பேறிப் பழுதுற்றிருந்தால் ஊரார் என்ன சொல்வர்? "ஒளித்துக் குடித்திருப்பார்" என்பர். அத்தகைய 20 நோயாளரை ஆராய்ந்து, மதுவின்றியும் இந்நோய் உண்டாகும் என 1980இல் லட்விக் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவர்தம் தோழரும் எழுதினர். நம் நாட்டிலே, ராகமையில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, வளர்ந்தோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் உண்டெனக் காட்டிற்று. உணவு மிகுந்து உழைப்புக் குறைந்து வயிறு பெருத்தலே இதற்கு முதற் காரணம்.

குடலில் வாழும் பற்றீரியாக்களுக்கும் இதிற் பங்குண்டு. குடலிலிருந்து புறப்படும் குருதி நேரே ஈரலுக்கே செல்கின்றது. 2019இற் சீன ஆய்வாளர் வெளியிட்ட செய்தி நம்மை வியக்க வைக்கின்றது. அவர்கள் சோதித்த கொழுப்பு ஈரல் நோயாளரில் 60 வீதமானோரின் குடலில், மதுசாரத்தைப் பெருமளவில் ஆக்கும் கிளெப்சியெல்லா என்னும் பற்றீரியா இருந்ததாம். எலிகளுக்கு அதனைக் கொடுத்தபோது அவற்றின் ஈரலிலும் கொழுப்பேறிற்று. மதுவிலக்குக்காரர் இந்த வடிசாலையை எப்படி மூடுவரோ!

இனி மரமஞ்சள். சிங்களச் சகோதரர் வெனிவெல்கெட என்பர். காய்ச்சல், தடிமனுக்கு அவிக்கும் குடிநீரில் நாம் இடும் இதில் பெர்பரின் என்னும் பொருள் உண்டு. அதனை வாயால் உட்கொண்டால் இரத்தத்திற் சேர்வது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பின் எவ்வாறு பயன் தருகின்றது? குடற் பற்றீரியாக்கள் அதனை வேறொரு வடிவாக மாற்றுகின்றன; அவ்வடிவம் எளிதிற் குடற்சுவரினுட் புகுந்து மீண்டும் பெர்பரின் ஆகின்றது. பெர்பரினோ அப்பற்றீரியாக்களின் கூட்டத்தையே மாற்றுகின்றது. சீனாவில் 184 நோயாளரிடம் 16 வாரம் நடந்து 2015இல் வெளிவந்த சோதனையில், உணவையும் நடையையும் திருத்தியதோடு பெர்பரினும் உண்டவர்க்கு ஈரற்கொழுப்புக் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் அங்கே கொடுத்தது அளந்தெடுத்த பெர்பரின். நம் அடுப்பிற் கொதிக்கும் குடிநீர் அன்று.

சாற்றைச் செறிவாக்கினால் நன்மையும் செறியும் என எண்ணலாகாது. பச்சைத் தேயிலையைக் கோப்பையிற் குடிப்போர் பலகோடி. அதன் சத்தொன்றை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக விழுங்கினால் ஈரல் ஊறுபடும் அறிகுறி இரத்தத்தில் தோன்றலாம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் எச்சரித்தது.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பரியாரியாரிடம் வாங்கிய குடிநீரை டாக்குத்தருக்கு ஒளிப்போம். டாக்குத்தர் தந்த குளிசையைப் பரியாரியாருக்கு ஒளிப்போம். ஈரலுக்கு இரண்டும் தெரியும். அடுத்தமுறை இரத்தம் சோதிக்கப் போகும் பெரியோர், தாம் குடிப்பவற்றின் பெயர்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போகுமாறு வேண்டுகின்றோம். எழுதித் தர இச்சங்கத்து இளைஞர் ஆயத்தமாக இருக்கின்றோம்.