பாட்டில் கிடந்த தெய்வங்கள்



1972 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு நாள். ஐஸ்லாந்தின் தலைநகரமான ரெய்க்யாவிக்கில், நீதித்துறையையும் திருச்சபைத் துறையையும் சேர்த்துக் கவனித்துவந்த அமைச்சரைக் காண இருவர் சென்றனர். ஒருவர் நீண்ட தாடி வளர்த்த, மலைப்பக்கத்து ஆட்டுப் பண்ணையாளர். ஓடின், தோர், ஃப்ரேயா முதலிய பண்டைத் தெய்வங்களை வழிபடும் சமயத்தை அரசு ஏற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. அமைச்சர் முதலில் அதை வேடிக்கை என்று எண்ணினார். வேடிக்கை அன்று என்று தெரிந்ததும், இன்னும் சில ஆவணங்கள் வேண்டும் என்றார். இருவரும் வெளியேறிய சற்று நேரத்தில் வானம் இடித்தது. அந்தப் பகுதியில் மின்சாரமும் நின்றது. தோர் இடியின் தெய்வம்.

இந்த நிகழ்ச்சியைச் சங்கத்தார் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். தம் சமயத்துக்குச் சான்றாக அதை எடுத்துக்காட்டுவதில்லை. அந்தச் சிரிப்பைச் சற்று நினைவில் வைத்திருப்பது நல்லது.

அந்தப் பண்ணையாளரின் பெயர் ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன். பெய்ன்டெய்ன் என்பது தந்தை பெயர். ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. தொலைபேசி விவரப் புத்தகத்திலும் இயற்பெயரே முதலில் நின்றது. தந்தை பெயரைத் தலையெழுத்தாக இட்டு, இயற்பெயரால் அழைத்துக்கொள்ளும் தமிழர்க்கு இது புதிதாகத் தோன்றாது. 1924 இல் பிறந்தவர். உடன்பிறந்தோர் பலரும் கவி பாடியவர்கள். அக்காள் ஹல்டோரா, பெயோவுல்ஃப் என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தை ஐஸ்லாந்து மொழியில் பெயர்த்தவர். தம்பியோ டிராக்ஹால்ஸ் என்ற சிறு பண்ணையில் ஆடு வளர்த்துக்கொண்டே யாப்பைக் கற்றார். 1953 இல் அவர் வெளியிட்ட யாப்பு நூலில், 'ரீமுர்' என்னும் பாவகையின் நானூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களுக்கு எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஆக, அமைச்சர் முன் நின்றவர் அடிப்படையில் ஒரு யாப்பாசிரியர். இந்தச் செய்தியை வெறும் வாழ்க்கைக் குறிப்பாகக் கொண்டு கடந்துவிடக் கூடாது. அவருடைய சமயமே அவருக்கு யாப்பின் வழியாக வந்து சேர்ந்தது.

எப்படி என்று பார்க்க, ஆயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். கி.பி. 1000 ஐ ஒட்டிய ஒரு கோடையில் ஐஸ்லாந்தின் பொதுமன்றம் திங்வெட்லிர் என்னும் வெளியில் கூடியது. கிறித்தவம் தழுவியோர் ஒரு பக்கம், பழைய வழியினர் ஒரு பக்கம். வாள் எடுக்கும் நிலை. சட்டம் உரைக்கும் பொறுப்பிலிருந்த தோர்கெய்ர் என்பவரிடம் முடிவு விடப்பட்டது. அவர் பழைய வழியினர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்துக் கிடந்து, பிறகு எழுந்து, எல்லோரும் திருமுழுக்குப் பெற வேண்டும் என்று தீர்ப்புரைத்தார். நாடு ஒரே சட்டத்தின் கீழ் நிற்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஆயினும் ஒரு விலக்கு வைத்தார். விரும்புவோர் மறைவாகப் பழைய தெய்வங்களுக்குப் படைக்கலாம்; சாட்சி அகப்பட்டால் தண்டனை உண்டு. ஆரி தோர்கில்சன் என்ற பாதிரியார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதை எழுதி வைத்தார். அந்த விலக்கும் சில ஆண்டுகளில் நீக்கப்பட்டுவிட்டது.

பேகன் என்ற சொல்லை இங்கே விளக்கிவிடலாம். மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளலோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா. இது லத்தீன் மொழிவழி வந்தது. முதலில் நாட்டுப்புறத்தான் என்றே பொருள். கிறித்தவம் பரவிய பின், அச்சமயம் சாராதவரைச் சுட்டும் சொல்லாயிற்று. ஏளனம் தோய்ந்த சொல்தான். ஆனால் டிராக்ஹால்ஸ் பண்ணையாளர்க்கு அதன் முதற்பொருள் பிழையின்றிப் பொருந்தியது.

மறைவான வழிபாடும் ஒழிந்தபின் அத்தெய்வங்கள் எங்கே போயின? கிழமைப் பெயர்களில்கூட அவை மிஞ்சவில்லை. ஆங்கிலத்தில் புதன் ஓடினுக்கும் வியாழன் தோருக்கும் உரிய நாள்களாக இன்றும் வழங்குகின்றன. ஐஸ்லாந்திலோ யோன் ஓக்முன்ட்சன் என்ற ஆயர் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெயர்களை அகற்றி, மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்பன போன்ற பெயர்களை வழக்கிற்குக் கொண்டுவந்தார் என்பது மரபு. கிழமையிலிருந்து துரத்தப்பட்ட தெய்வங்கள் பாட்டுக்குள் புகுந்துகொண்டன.

பழைய நோர்ஸ் கவிஞர்கள் பொருளை நேராகச் சொல்வதில்லை. பொன்னை ஃப்ரேயாவின் கண்ணீர் என்பார்கள். கவிதையை ஓடினின் தேறல் என்பார்கள். தொன்மம் தெரியாதவனுக்கு அந்தப் பாட்டு விளங்காது. மதம் மாறி இருநூறு ஆண்டு கழிந்தபின், இளங்கவிஞர்களுக்கு இந்தத் தொடர்கள் புரியாமல் போயின. ஸ்னோர்ரி ஸ்டுர்லுசன் 1220 களில் எட்டா என்னும் நூலை எழுதியது அதனால்தான். அவர் கிறித்தவர். தெய்வங்களை மீட்க அவர் முனையவில்லை. செய்யுள் மரபை மீட்க முனைந்தார். தெய்வக் கதைகள் ஓர் அணியிலக்கண நூலின் விளக்கமாகப் பிழைத்தன. ஓடின் கழுகு வடிவில் தேறலைத் திருடிக்கொண்டு பறந்தபோது பின்பக்கமாய்ச் சிந்திய துளிகள் போலிக் கவிஞர்களின் பங்கு என்றும் ஸ்னோர்ரி எழுதியிருக்கிறார். எந்த மொழியின் கவியரங்கிலும் அத்துளிகளுக்குப் பஞ்சமில்லை.

ஸ்னோர்ரிக்குப் பின் வந்தது ரீமுர். பதினான்காம் நூற்றாண்டில் எழுந்து, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பண்ணை வீடுகளில் வாழ்ந்த கதைப்பாட்டு. குளிர்கால இரவில் வீட்டார் கம்பளி நூற்றும் பின்னியும் கொண்டிருக்க, ஒருவர் அதை இராகமிட்டு ஓதுவார். மோனை கட்டாயம், மோனை தவறிய செய்யுளை ஐஸ்லாந்துக்காரர் செய்யுளாகவே எண்ண மாட்டார்கள். மோனைக்கும் எதுகைக்கும் சொல் தேடும்போதெல்லாம் ஓடினின் பல பெயர்கள் கைகொடுத்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன அதே உழவர்தான் திங்கள் இரவு அந்தப் பெயர்களை உச்சரித்தார். நம்பிக்கையோடு உச்சரித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் பெயர் நாவை விட்டு நீங்கவில்லை. 1837 இல் யோனாஸ் ஹல்கிரிம்சன் என்ற பெருங்கவிஞர் ரீமுர் மரபைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். படித்தவரிடையே அதன் மதிப்பு சரிந்தது. அது சரிந்த பிறகு அதைக் கற்றவர்களில் ஒருவர் ஸ்வெய்ன்பியோர்ன்.

இன்னொரு செய்தியும் உண்டு. தெய்வப் பாடல்களின் தலையாய கையெழுத்துச் சுவடி 1662 முதல் டென்மார்க் அரசரிடம் இருந்தது. 1971 ஏப்ரல் 21 அன்று அது கப்பலில் ரெய்க்யாவிக் திரும்பியது. துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஒரு புத்தகத்தை வரவேற்க! அடுத்த ஆண்டு, 1972 ஏப்ரல் 20 அன்று, நகரின் ஓர் ஓட்டலில் சிலர் கூடி ஆசத்ரூ சங்கத்தை நிறுவினர். தெய்வங்களின்பால் வைத்த பற்று என்பது அப்பெயரின் பொருள். அந்த நாள் பழைய நாள்காட்டியின்படி கோடையின் முதல் நாள். ஐஸ்லாந்தில் இன்றும் விடுமுறை நாள். ஏப்ரலில் பனி பெய்துகொண்டிருந்தாலும் அன்று கோடை பிறந்துவிட்டதாக எண்ணிப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பார்கள்.

பதிவுக்கு எதிர்ப்பு எழுந்தது. லூத்தரன் திருச்சபையின் பேராயர் வெளிப்படையாகவே மறுத்தார். அரசமைப்பு இறைவனை வழிபட உரிமை தருகிறது என்றால், அது ஒரே இறைவனைக் குறித்தது என்பது அவர் வாதம். ஆயினும் 1973 மே மாதத்தில் அரசு சங்கத்தை ஏற்றது. திருமணம் நடத்தவும் பெயர் சூட்டவும் சட்ட உரிமை கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 5 அன்று டிராக்ஹால்ஸ் பண்ணையில் முதல் பொது வழிபாடு நடந்தது. திறந்தவெளியில் சாந்தால் செய்த தோர் சிலை, செய்தியாளர்களையும் சேர்த்து எழுபது பேர் அளவில் கூட்டம், கொட்டும் மழை. ஸ்வெய்ன்பியோர்ன் மழையில் நின்று பழம்பாடல் ஓதினார். பிறகு எல்லோரும் உள்ளே சென்று உண்டனர்.

இவர்கள் உண்மையில் நம்புகிறார்களா, நாடகம் ஆடுகிறார்களா? அமைச்சரின் ஐயம் அதுதான். இந்த அவையிலும் அது எழாமல் இராது. 2003 முதல் சங்கத்தின் தலைமைக் குருவாக உள்ள இசையமைப்பாளர் ஹில்மார் ஓர்ன் ஹில்மார்சன் 2015 இல் இதற்கு விடை சொன்னார். எட்டுக்கால் குதிரையில் ஒற்றைக்கண்ணர் ஒருவர் சுற்றிவருவதாக யாரும் நம்புவதில்லை. இக்கதைகள் இயற்கையின் ஆற்றல்களுக்கும் மனித மனத்துக்கும் கவிதை சூட்டிய உருவகங்கள் என்பது அவர் கருத்தின் சாரம். செய்தியாளர்க்கு ஏற்ற விடை. ஆனால் அது சற்று எளிதாகவே நழுவிச் செல்லும் விடையும்கூட. எல்லாம் உருவகம் என்றால் கவிதைத் தொகுப்பு ஒன்று போதுமே, இடுகாடு எதற்கு? ரெய்க்யாவிக்கின் குஃபுனெஸ் இடுகாட்டில் சங்கத்தாருக்கென்று தனி இடம் 1999 முதல் உண்டு. உருவகத்தை நம்பி எவரும் தாயைப் புதைப்பதில்லை.

ஸ்வெய்ன்பியோர்ன் பேசிய முறை வேறு. கோட்பாடு தேவையில்லை என்றார். நிலத்தில் மறைந்துள்ள ஆற்றல்களையும், அவற்றுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவையும் பற்றிப் பேசினார். ஆடு வளர்ப்பவர் பேச்சு அது. எந்தச் சரிவில் பனி முதலில் உருகும், எந்த ஓடையை எந்த மாதத்தில் நம்பலாம் என்று பார்த்து வாழ்பவர்க்கு நிலம் என்பது வெறும் சொத்து ஆகாது. கடலிலிருந்து கரை நெருங்கும்போது கப்பலின் முகப்பிலுள்ள வாய் பிளந்த தலைகளைக் கழற்றிவிட வேண்டும், நிலத்துத் தெய்வங்கள் அஞ்சிவிடும் என்பது ஐஸ்லாந்தின் மிகப் பழைய சட்டங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது. தெய்வத்துக்கு மனிதன் அஞ்சுவதே உலகெங்கும் வழக்கம். இங்கே தெய்வம் அஞ்சிவிடக் கூடாதே என்று மனிதன் கவலைப்படுகிறான். அந்நிலத்துத் தெய்வங்கள் நால்வர்: காளை, பெரும்பறவை, பறவைநாகம், மலையரக்கன். நாட்டின் சின்னத்தில் அவர்களே நிற்கிறார்கள். 1981 இல் வந்த நாணயங்களிலும் இருக்கிறார்கள்.

அன்றாட வாழ்வில் இச்சமயம் கண்ணுக்குத் தெரியும் இடங்கள் குறைவு. நாள்தோறும் ஓத வேண்டிய மந்திரம் இல்லை. விலக்கிய உணவு இல்லை. வேதம் என்று கொள்ளத்தக்க நூலும் இல்லை. ஹாவமால் என்னும் பழம்பாடலை வாழ்க்கை நூலாகப் போற்றுவார்கள். வீடுபேறு பற்றி அது பேசுவதில்லை. குளிரில் வந்த விருந்தினனை எப்படி நடத்துவது, எவ்வளவு குடிப்பது, எப்போது பேசாமல் இருப்பது, நண்பன் வீட்டுக்கு ஏன் அடிக்கடி போகவேண்டும் என்பன போன்றவையே அதன் பொருள். குளிர்காலத்தின் நடுவிலும் கோடை தொடங்கும்போதும் கோடை நடுவிலும் குளிர் பிறக்கும்போதும் கூடுவார்கள். கொம்பில் ஊற்றிய பானம் கைமாறும். உயிர்ப்பலி இல்லை. பிறகு விருந்து. இளையோர் ஓராண்டு போலப் பாடம் கேட்டுச் சமய உறுதி ஏற்பார்கள். கொடுத்த சொல்லைக் காப்பதே இவற்றுக்கெல்லாம் அச்சாணி. நரக அச்சம் இல்லாத சமயத்தில் மனிதனைக் கட்டுவதற்கு அவனுடைய சொல்லைத் தவிர வேறு கயிறு இல்லை.

சொல்லுக்குச் சோதனையும் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் நாத்சிகள் இதே தெய்வங்களையும் இதே எழுத்துகளையும் கையிலெடுத்துக் கறைப்படுத்தினார்கள். அவர்களுடைய வழிவந்தோர் பல நாடுகளில் இன்றும் இத்தெய்வங்களை வெள்ளை இனத்தின் உடைமை என்கின்றனர். ஐஸ்லாந்துச் சங்கம் அவர்களோடு உறவு கொள்ள மறுத்துவிட்டது. ஒருபால் இணையரின் திருமணத்தையும் அது நடத்தி வைத்ததால், 2015 இல் வெளிநாட்டுப் பழஞ்சமயத்தார் சிலரிடமிருந்து வசைமடல்கள் வந்தன. பாட்டைப் படிக்காமல் தெய்வத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஓடின் ஊர் ஊராய் அலைந்து, தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டும் தெய்வம். அந்நியனை விரட்டுவோர் அவரை அடையாளம் கண்டுகொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவு.

தொடக்க ஆண்டுகளில் நூறு பேரை எட்டாத சங்கத்தில் இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிந்துள்ளனர். ரெய்க்யாவிக்கின் ஒஸ்க்யுலித் குன்றில் கோயில் கட்டும் பணியும் 2015 இல் தொடங்கியது. திட்டமிட்டதைவிட மிகவும் இழுத்துக்கொண்டு போயிற்று. ஸ்வெய்ன்பியோர்ன் இவற்றைக் காணவில்லை. 1993 டிசம்பரில், யோல் விழாவை ஒட்டிய நாள்களில் மறைந்தார். கிறிஸ்துமஸுக்கு அந்நாட்டார் வழங்கும் பெயர் இன்றும் அந்தப் பழைய யோல்தான்.

அவர் குரல் இருக்கிறது. 1982 இல் வந்த 'ராக் இன் ரெய்க்யாவிக்' என்ற ஆவணப்படம் மின்கித்தார் முழங்கும் இளைஞர்களைப் பற்றியது. அதில் அந்த வெண்தாடிக்காரர் தோன்றி ரீமுர் ஓதுகிறார். இளைஞர்கள் அவரைக் கேலி செய்யவில்லை; தம்மவராகவே எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் ஹில்மார், சிகுர் ரோஸ் என்னும் இசைக்குழுவோடும் ஸ்டெய்ன்டோர் ஆண்டர்சன் என்ற ரீமுர் ஓதுவாரோடும் சேர்ந்து, ஓடினின் காகங்களைப் பற்றிய ஒரு பழம்பாடலுக்கு இசையமைத்தார். 2002 இல் அரங்கேறிய அந்த இசையில் கல்லால் ஆன ஒரு கருவி ஒலிக்கிறது. ஸ்வெய்ன்பியோர்ன் ஆடு மேய்த்த போர்கார்ஃபியோர்தூர் வட்டாரத்திலேயே, ஹுசாஃபெல் என்னும் இடத்தில் வாழும் சிற்பி ஒருவர் செய்தது. அந்த மலைப்பக்கத்தில் பொறுக்கிய கற்களைத் தட்டிப் பார்த்து, பாடும் கல்லை மட்டும் எடுத்து அடுக்கியிருக்கிறார்.