தண்ணீர் வடிந்த பிறகு

(கிள்ளான் வட்டாரக் குடியிருப்பாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை பிடித்த மழையை உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு மாதத்து மழை ஒரே நாளில் பெய்துவிட்டது என்று அரசாங்கத் தரப்பிலேயே சொன்னார்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்வீடு முழுகி, ஜனங்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்குக் காத்திருந்தார்கள். பல இடங்களில் முதலில் வந்தது பக்கத்துத் தாமான் பையன்கள்தான். கோயில்களிலும் குருத்வாராக்களிலும் சோறாக்கி அனுப்பினார்கள். அதைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது தண்ணீர் வடிந்த பிறகு நின்ற வரிசையைப் பற்றி.

அந்த வரிசையில் முதல் கேள்வி, "ஐசி எங்கே?"

உதவித் தொகை 1,000 வெள்ளி என்று அறிவித்தார்கள். ஆளுக்கு அல்ல, குடும்பத் தலைவருக்கு. நம் வீடுகள் எப்படி? ஒரே வாடகை வீட்டில் அண்ணன் குடும்பம் முன்னறையில், தம்பி குடும்பம் பின்னறையில். அடுப்பு வேறு, முகவரி ஒன்று. ஆகவே துயர் துடைப்பு மையத்துக்குப் போனால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் பெயர் பதியுங்கள். பதிந்த தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மையத்துக்குப் போகாமல் அக்கா வீட்டில் தங்கியவர்கள்தான் பிறகு அதிகம் அலைந்தார்கள்.

ஐசி தொலைந்தால் திரும்பக் கிடைக்கும். 2021 வெள்ளத்தில் தொலைத்தவர்களுக்குப் பதிவிலாகா கட்டணம் வாங்காமலே மாற்றிக் கொடுத்தது. திரும்பக் கிடைக்காத தாள்கள் வேறு இருக்கின்றன. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், இன்னும் சிவப்பு ஐசியோடு இருக்கிற பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் இருப்பது கிராணி எழுதிக் கொடுத்த ஒரு கடிதம், தோட்டப் பள்ளியின் பழைய சான்றிதழ், மருத்துவச்சி கொடுத்த ஒரு துண்டுச் சீட்டு. நான் பார்த்த ஓர் அம்மாவின் குடியுரிமை விண்ணப்பம் முழுக்க அப்படி ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. பை அலமாரியின் கீழ்த்தட்டில். தண்ணீர் வடிந்ததும் பிரித்தோம். மை முழுக்க ஓடியிருந்தது. மறுபடி எழுதித் தரக் கிராணி இல்லை, தோட்டமும் இல்லை. அந்த நிலத்தில் இப்போது வீடுகள்.

டிவி போனால் வாங்கலாம். இதை எங்கே வாங்குவது?

அதனால் இன்றைக்கே அந்தத் தாள்களை எல்லாம் படம் எடுத்து, வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். ஒரு நகலைச் சத்தியப்பிரமாண ஆணையரிடம் காட்டி முத்திரை வாங்குங்கள். மூலத்தை மூடி இறுகிய டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். சாமி மேடைக்கு மேலே வைத்தாலும் சரி, சாமி கோபித்துக்கொள்ளாது.

வீட்டைக் கழுவும் முன், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் படம் எடுங்கள். நமக்குச் சுத்தம் முக்கியம். சேறு வந்தால் உடனே கழுவிவிடுகிறோம். சாட்சியும் சேற்றோடு போய்விடுகிறது. நாசமான சாமான்களை எழுதி, போலீஸ் புகார் செய்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். கார் வைத்திருப்பவர்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் கேளுங்கள்: வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்த்திருக்கிறதா? முழுக் காப்புறுதி இருந்தாலும், அதைச் சேர்க்காவிட்டால் பொதுவாக வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது.

வழக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள். சுலபம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 1993இல் ஹைலண்ட் டவர்ஸ் இடிந்து 48 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் நகராண்மைக் கழகத்துக்குச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆவது பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்னொன்று, கெடு. தனியார் மேம்பாட்டாளரின் அலட்சியத்துக்கு வழக்குப் போட, தீபகற்பத்தில் பொதுவாக 6 வருடம். அரசாங்க அமைப்பு என்றால் 36 மாதம்தான். 2021 வெள்ளத்துக்கு அந்தக் கெடு 2024 டிசம்பரோடு போய்விட்டது. "பொறு, பேசித் தீர்க்கலாம்" என்று யாராவது சொன்னால், பேசுங்கள், ஆனால் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள். கால்வாய் அடைப்பு, பம்பு ஓடவில்லை என்ற புகாரை மழைக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை கேளுங்கள். வாயால் சொன்ன புகாரைக் கோர்ட்டில் காட்ட முடியாது.

பின்னால் மேசையில் நம் தம்பிமார்கள் நகல் இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தாள் கொண்டு வந்தவர்கள் இப்போதே எடுத்துக்கொள்ளலாம். கொண்டு வராதவர்கள் வீட்டுக்குப் போய் எடுத்து வாருங்கள். ஒன்பது மணி வரை இருப்போம்.