டாலாத் துறையில் இரண்டு மூட்டை
(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரங்கூன் எண்டு எங்கட பழைய ஆக்கள் சொன்ன யாங்கோனுக்கு எதிர்க்கரையில் டாலா இருக்கிறது. ஐராவதிக் கப்பல் கம்பனியின் கப்பல்கட்டும் தளம் இருந்த இடம். சனம் படகில் ஆறு கடக்கிற அந்தத் துறையை வைத்து ஒரு கணணிச் சங்கதி சொல்லப்போறன்.

ஒரே நேரத்தில் பல வேலை நடக்கும் கணணியில் தரவுகள் வரிசை வரிசையாக வந்து சேரும். எந்த வரிசையில் காத்திருப்பது என்பதை ஒவ்வொரு வேலையாளும் முன்கூட்டியே அறிந்து, அதில் சாமான் வரும்வரை நின்றால், ஆர் வேகம், ஆர் மெதுவு எண்டாலும் விடை மாறாது. இதை 1974இல் பிரான்ஸ் நாட்டு ஜில் கான் நிறுவினார்.

ஆனால், "முந்தி வந்ததை எடு" எண்டு விட்டால் விடை பலவாகும். வரக்கூடிய விடைகளை எல்லாம் பட்டியல் போட்டால் போதாதோ எண்டு கேட்பீர்கள். போதாது எண்டு 1981இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த புரொக்கும் அக்கர்மனும் காட்டினார்கள்.

டாலாவில் ஒரு சின்ன வள்ளம் எண்டு வையுங்கோ. இரண்டு மூட்டைதான் கொள்ளும். ஒரு பாதையால் அண்ணன் வாறார், மற்றதால் தங்கச்சி. ஆளுக்கு இரண்டு மூட்டை. முதலாவது கூலியாள் கைக்கு வந்த மூட்டையை உடனே ஏற்றுவார். இரண்டாமவர் இரண்டு சேர்ந்த பிறகுதான் ஏற்றுவார். வள்ளத்தில் என்ன மூட்டைகள் ஏறலாம் எண்டு பட்டியல் போட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பட்டியல்தான்.

இப்ப தங்கச்சி, அண்ணனின் முதல் மூட்டை வள்ளத்தில் ஏறினதைக் கண்ட பிறகுதான் வீட்டிலிருந்து வெளிக்கிடுவா எண்டு வையுங்கோ. முதலாமவரிடம், அண்ணனின் அடுத்த மூட்டை சுணங்கினால் தங்கச்சியின் மூட்டைக்கு இடம் கிடைக்கும். இரண்டாமவரிடம் ஒருநாளும் கிடையாது! அவர் ஏற்றத் தொடங்கும்போதே இரண்டு இடமும் போய்விட்டது.

ஒரு கந்தோரின் கடிதம் வந்தால்தான் மற்றக் கந்தோர் பைலைத் திறக்கும் எண்டு அலைஞ்ச எங்கட ஆக்களுக்கு இது புதினமில்லை.

அவர்கள் சொன்ன வழி இதுதான்: எது ஏறியது என்பதோடு, அது ஏற முன்னம் எது வந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதவேணும். பிறகு பிரகாஷ் பனங்காடன் முதலானோர், "முந்தி வந்ததை எடுக்கும்" முறைகளிலும் தரம் உண்டு, ஒன்றைக் கொண்டு மற்றதை எப்போதும் செய்ய ஏலாது எண்டு நிறுவினார்கள். அதுக்கு இன்னொரு மணித்தியாலம் வேணும். கேட்க விருப்பமுள்ள பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் பிறகு மேசைக்கு வாங்கோ.