வலியை மறைப்பது சிலுவையல்ல



சேலம், நாமக்கல் ஊர்களில் இடுப்பு மூட்டு தேய்ந்த பெரியவர்கள் நம் பங்குகளில் உண்டு. திருப்பலியில் முழந்தாளிட முடியாது. இரவில் புரண்டு படுக்க முடியாது. மூட்டை மாற்றலாம் என்று மருத்துவர் சொன்னால், “இந்த வயசுல கத்தி எதுக்கு? இது ஆண்டவர் தந்த சிலுவை” என்பார்கள். மகனுக்குச் செலவு வைக்கக் கூடாதே என்ற கவலையை மட்டும் சொல்லமாட்டார்கள்.

1994 ஏப்ரலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குளியலறையில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மறுநாளே உரோமையில் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தினார்கள். பிறகு கைத்தடியோடு திருப்பயணங்களைத் தொடர்ந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022இல் முழங்கால் வலியால் சக்கர நாற்காலிக்கு வந்தார். முந்தைய ஆண்டு குடல் அறுவையின்போது மயக்க மருந்தால் பட்ட சிரமத்தை எண்ணி, முழங்காலுக்கு அறுவை வேண்டாம் என்றார். ஒருவர் ஏற்றார், ஒருவர் மறுத்தார்; இருவரும் விசுவாசத்தில் குறைந்தவர்களல்ல. முறிந்த எலும்பு காத்திருக்காது. தேய்ந்த மூட்டு யோசிக்க நேரம் தரும்.

மருத்துவரை மதிக்கச் சொல்கிறது சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம். 38 ஆண்டுகள் நோயுற்றிருந்தவரிடமும் இயேசு முதலில் அவருடைய விருப்பத்தையே கேட்டார்.

பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள். அம்மாவால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது? வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா? சர்க்கரையும் இதயமும் அறுவையைத் தாங்குமா? பிறகு வீட்டில் துணைக்கு யார்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பற்றி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். செலவுக் கவலையை இறக்கி வைத்தபின் அவர் சொல்வது ஆம் என்றாலும் இல்லை என்றாலும், அதை மதித்து உடன் நில்லுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.