கழிவெண்ணெயும் குளிர்ப் பூஞ்சையும்



ரொட்டியில் பச்சை படிந்தால் முகஞ்சுளித்துத் தூக்கி எறிகிறீர்களே, அந்தப் பூஞ்சையின் இனத்தைப் பற்றியே இந்த ஜும்ஆ உரை.

காட்டில் விழுந்த மரத்தை மண்ணாக்கும் வேலை பூஞ்சைகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் சீரான அமைப்பில்லாதது. ஆகவே அதனை உடைக்கும் நொதிகள் ஒரு பூட்டுக்கு மட்டுமே உரிய சாவியைப் போன்றவை அல்ல. வேறு பல பொருள்களையும் தாக்க வல்லவை. மரத்தை வெளிறி மக்கச் செய்யும் ஒரு பூஞ்சை, டிடிடி பூச்சிமருந்தையும் டையாக்சின் நஞ்சையும் சிதைப்பதாக 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆனால் அது ஏறக்குறைய 40 பாகை வெப்பத்தில் செழிப்பது. பனி மண்ணில் அதற்கு வேலை ஓடாது.

அங்கே வேறு பூஞ்சைகள் இருக்கின்றன. குளிரில் நெய் உறைவதுபோல உயிரணுக்களின் சவ்வும் விறைத்துவிடும். இவற்றின் சவ்விலோ எளிதில் உறையாத கொழுப்பு மிகுதி, நொதிகளும் நெகிழ்வானவை. அண்டார்க்டிகாவில் ஸ்காட் 1911இல் எழுப்பிய மரக்குடிலையே இத்தகையவை அரித்திருக்கின்றன! அல்மோராவை அடுத்துள்ள கோவிந்த் வல்லப் பந்த் இமயமலை ஆய்வு நிறுவனத்தார், மலை மண்ணிலிருந்து குளிர் தாங்கும் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்து அவற்றின் நொதிகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

இவற்றாலும் ஆகாதது உண்டு. கொடைக்கானலும் குளிர்ந்த ஊர்தான். 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் அவ்வூர் மண்ணில் கலந்தது. பாதரசம் ஒரு தனிமம். அதனை எந்த நொதியும் உடைத்து இல்லாமல் ஆக்க முடியாது.

நூம்பலில் பனி இல்லை. நமது கேடு எண்ணெய். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை மக்கள் வாளிகளால் அள்ளினார்கள். அள்ளிய சேற்றை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்க இந்தியன் ஆயில் ஏற்பாடு செய்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மீண்டும் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய். நுண்ணுயிர்களுக்குக் காற்றும் ஈரமும் மாதக்கணக்கில் அவகாசமும் வேண்டும். ஆறு காத்திருக்குமா?

இனிச் சொல்வது என் வெட்கம். எங்கள் பள்ளியின் ஜெனரேட்டருக்கு எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பழையதைப் பின்சுவரோரம் ஊற்றிவந்தோம். ஒளுவுக்குத் தண்ணீர் தரும் ஆழ்துளைக் கிணறு அங்கிருந்து பத்தடி. பாதையின் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மிம்பரில் நின்று சொன்னவன், அதனைப் பல வருடங்கள் பார்த்தும் பாராமல் கடந்திருக்கிறேன்.

பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களே! உங்கள் கழிவெண்ணெய் எங்கே போகிறது? வாய்க்காலில் விட்டால் கூவத்திற்கு. நம்மூர் வெப்பத்தில் பூஞ்சை தின்றுவிடும் என்று சமாதானம் சொல்லாதீர்கள். எஞ்சினில் தேய்ந்த உலோகத் துகள்களும் அதில் இருக்கின்றன. அங்கே கொடைக்கானல் கதைதான்.

பள்ளி வாசலில் மூடியிட்ட பீப்பாய் ஒன்று வைத்திருக்கிறோம். நிறைந்ததும், அரசு அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்கப்படும். அஸருக்கு வரும்போது கேனில் கொண்டுவாருங்கள். தண்ணீரோ பெயின்டோ கலந்துவிடாதீர்கள்; கலந்தால் அவர்கள் எடுக்கமாட்டார்கள்.