பந்தா சிங் பகதூர்: சாவுக்கு முந்திய ஏழாண்டுகள்



சீக்கியப் படைத்தலைவர் பந்தா சிங் பகதூரைப் பற்றிப் பேச எழுகிறவர்கள் பெரும்பாலும் 1716 ஜூன் 9 ஆம் நாளில்தான் தொடங்குகிறார்கள். தில்லிக்குத் தெற்கே மெஹ்ரோலியில், குத்புத்தீன் பக்தியார் காக்கியின் தர்காவுக்கு அருகே, நான்கு வயது மகன் அஜய் சிங்கை அவர் கையில் கொடுத்து வெட்டச் சொன்னார்கள் முகலாயர்கள். மறுத்தார். குழந்தையை அவர் கண்ணெதிரே கொன்றார்கள். பிறகு அவரை அங்கம் அங்கமாகச் சிதைத்தார்கள். இதற்கு மேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை; கதைப்பாடகர்களும் ஓவியர்களும் அந்த வேலையைச் செய்துவிட்டார்கள். அந்தச் சாவின் பேரொலியில், அதற்கு முந்திய ஏழாண்டுகளில் அவர் எதைக் கட்ட முனைந்தார் என்பது காதில் விழாமலே போகிறது. என் மனக்குறை அதுதான்.

(தேதிகளைப் பழைய ஐரோப்பிய நாட்காட்டிப்படி சொல்கிறேன், புதிய கணக்குக்கு 11 நாள் கூட்டிக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் நம் துறையில் நடந்த சச்சரவுகள் கொஞ்சமல்ல.)

தமிழ் படித்தவர்களில் பலருக்குக் கால்சா என்னும் சீக்கியர் அமைப்பு அறிமுகமானது பாரதியின் ‘குரு கோவிந்தர்’ வழியாக. அந்தப் பாட்டின் களம் 1699 ஆம் ஆண்டு வைசாகி. அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் நம் கதாநாயகர் வருகிறார். 1670 இல் ஜம்மு மலைப்பகுதியில், ரஜௌரியில் பிறந்த லட்சுமண தேவ், துறவு பூண்டு மாதோ தாஸ் என்னும் பைராகியாகி, கோதாவரிக் கரையில் நாந்தேட்டில் மடம் அமைத்திருந்தார். 1708 இல் குரு கோவிந்த் சிங் அங்கே வந்தார். அந்தச் சந்திப்பைச் சுற்றி அற்புதக் கதைகள் ஏராளம். அவற்றைச் சமய இலக்கிய அமர்வுக்கு விட்டுவிடுகிறேன். ஐந்து அம்புகள், ஒரு கொடி, ஒரு முரசு, விரல்விட்டு எண்ணக்கூடிய தோழர்கள், பஞ்சாபிலுள்ள சீக்கியர்களுக்குக் கடிதங்கள். குரு அவரிடம் ஒப்படைத்தவை இவ்வளவே என்கிறது மரபு. அக்டோபரில் குரு மறைந்தார். படை இல்லாத படைத்தலைவராகத்தான் பந்தா வடக்கே நடந்தார்.

ஓராண்டில் படை சேர்ந்தது. 1709 நவம்பரில் சமானா விழுந்தது. 1710 மே 12 அன்று சப்பர் சிரிப் போரில் சர்ஹிந்தின் முகலாய பௌஜ்தார் (படை அதிகாரி) வசீர் கான் கொல்லப்பட்டார். குருவின் இளைய மக்கள் இருவரையும் கொல்வித்தவர் அவர். இரண்டு நாளில் சர்ஹிந்தும் கைக்கு வந்தது. சேர்ந்தவர்கள் யார்? பெரும்பாலும் ஜாட் உழவர்கள். அவர்களோடு தோல் வேலை செய்தவர்கள், துப்புரவு வேலை செய்தவர்கள். நேற்றுவரை ஊரில் எவராலும் மதிக்கப்படாத ஒருவன் இன்று நியமன ஆணையோடு அதே ஊருக்கு அதிகாரியாகத் திரும்பி வந்தான் என்று முகலாயக் குறிப்புகளைத் தொகுத்த வில்லியம் இர்வின் எழுதுகிறார். மூலத்தை எழுதியவர்கள் அதை இகழ்ச்சியாகவே பதிந்தார்கள். அந்த இகழ்ச்சிதான் இன்று நமக்குச் சான்று.

சர்ஹிந்தில் நடந்தது பழிவாங்கல். அதில் பழிக்குத் தொடர்பே இல்லாதவர்களும் செத்தார்கள். மேடை நாகரிகம் கருதி இதை விழுங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் முகலாய வரலாற்றாளர் காஃபி கானின் நூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பந்தாவை முஸ்லிம்களின் பகைவர் என்று முடிப்பவர்களோடும் உடன்பாடு இல்லை. முகலாய அரசவைக்கு வந்த செய்தி மடல்களில் 1711 ஏப்ரல் மாதத்துச் செய்தி ஒன்று உண்டு. முஸ்லிம்களுக்குத் தீங்கு செய்வதில்லை என்று பந்தா வாக்களித்திருக்கிறார்; அவர்கள் தொழுகைக்கும் தடையில்லை; 5,000 முஸ்லிம்கள் சம்பளத்துக்கு அவரிடம் சேர்ந்திருக்கிறார்கள். இதை எழுதி அனுப்பியவர் எதிர்த்தரப்பின் செய்தியாளர். பந்தாவுக்குப் பரிந்து பேச அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்க வேண்டும்.

இனி, அவர் கட்டியதற்கு வருகிறேன். சிவாலிக் அடிவாரத்தில் பழைய முக்லிஸ்கட் கோட்டையைச் செப்பனிட்டு, லோகட் என்று பெயரிட்டுத் தலைநகராக்கினார். சர்ஹிந்துக்கு பாஜ் சிங்கை ஆளுநராக அமர்த்தினார். வெற்றி ஆண்டை முதலாண்டாக வைத்துப் புது ஆண்டுக்கணக்கு தொடங்கினார், நாணயமும் அடித்தார். அந்த நாணயத்தில் அவர் பெயர் இல்லை. குரு நானக், குரு கோவிந்த் சிங் பெயர்களே இருக்கின்றன. முத்திரையிலும் அப்படியே, பசித்தவர்க்குச் சோறிடும் பாத்திரமும் காக்கும் வாளும் குருவிடமிருந்து வந்தவை என்னும் பொருளில் பாரசீக வாசகம். தன் பெயரை நாணயத்தில் பொறிப்பதுதான் அரசுரிமை என்று அக்பரின் வாரிசுகள் நினைத்திருந்த நாட்டில் இது சிறிய துணிச்சல் அன்று.

நிலத்தைப் பற்றி எச்சரிக்கையோடு பேசுகிறேன். ஜமீன்தார்களை ஒழித்து உழவர்க்கே நிலம் வழங்கினார் என்று பாடநூல்கள் ஒரே வரியில் எழுதிவிடுகின்றன, ஏதோ சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது போல. பழைய ஜமீன்தார்கள் ஓடினார்கள், உழுதவர்கள் அந்த நிலத்தில் நின்றார்கள், புதிய அதிகாரம் அவர்களை வெளியேற்றவில்லை. இப்படிச் சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதுவே பெரிய மாற்றம். இதை மேலும் பெரிதாக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் 1710 டிசம்பரில் ஜௌன்பூர் சீக்கியச் சங்கத்தார்க்கு அவர் அனுப்பிய ஹுக்கும்நாமா என்னும் ஆணைக்கடிதம். அந்தக் குளிர்காலத்தில் நிலைமை என்ன? பாதுஷா பகதூர் ஷாவே படையோடு வந்து லோகட்டை முற்றுகையிட்டார். குலாப் சிங் என்பவர் பந்தாவின் உடையணிந்து உள்ளே இருந்து பிடிபட, பந்தா இரவோடு இரவாக மலைக்குள் தப்பினார். தலைநகர் போயிற்று. அப்படிப்பட்ட நாளில் எங்கோ கிழக்கே இருக்கும் அடியார்களுக்கு அவர் எழுதுகிறார்: கால்சா நெறியில் நில்லுங்கள், புகையிலை வேண்டாம், மாமிசமும் வெங்காயமும் வேண்டாம், திருட்டும் பிறன்மனை நாடுதலும் வேண்டாம். தேதி போட்டிருப்பது அவருடைய முதலாண்டு என்று. தலைநகரை இழந்தவர் ஆண்டுக்கணக்கை இழக்கவில்லை.

எதிரே இருந்த அச்சத்தையும் பாருங்கள். அரசு அலுவலகங்களில் வேலை செய்யும் இந்துக்கள் தாடி மழிக்க வேண்டும் என்று 1710 செப்டம்பரில் ஆணை. டிசம்பரில், நானக்கைத் தொழுவோரைக் கண்ட இடத்தில் கொல்லலாம் என்று ஆணை. 1715 இல் பந்தாவை வளைத்த குர்தாஸ் நங்கல் முற்றுகை எட்டு மாதம் நீடித்தது. உள்ளே இருந்தவர்கள் இலையையும் மரப்பட்டையையும் தின்றார்கள். வெளியே இருந்த படைவீரர்களோ, பந்தா உருமாறித் தப்பிவிடுவார் என்று பயந்து, அடைப்பிலிருந்து வெளிவந்த நாயையும் பூனையையும் அம்பெய்து கொன்றார்கள்.

டிசம்பரில் பிடிபட்டார். இரும்புக் கூண்டில் யானைமேல் ஏற்றி, 1716 பிப்ரவரி இறுதியில் தில்லித் தெருக்களில் ஊர்வலம். 700க்கும் மேற்பட்ட கைதிகள். ஈட்டி முனைகளில் தலைகள். மார்ச் 5 முதல் நாளொன்றுக்கு நூறு பேர் வெட்டப்பட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதர்களாக அப்போது தில்லியில் இருந்த ஜான் சர்மனும் எட்வர்டு ஸ்டீபன்சனும் மார்ச் 10 ஆம் தேதிக் கடிதத்தில் இதை எழுதினார்கள். கைதிகளில் ஒருவர்கூட மதம் மாறியதாகத் தெரியவில்லை என்றார்கள். வணிகச் சலுகை கேட்டு வந்தவர்களுக்குச் சீக்கியரைப் புகழ்வதால் ஆவது ஒன்றுமில்லை. அதனால்தான் அந்தக் கடிதத்துக்கு இவ்வளவு கனம்.

எதிரிகளின் எழுத்து மட்டுமல்ல, சொந்த மரபும் பந்தாவிடம் முழு அன்போடு இல்லை. குர்தாஸ் நங்கலிலேயே அவருடைய தோழர் பினோத் சிங் அவரோடு பிணங்கி வெளியேறினார். பின்னர் அவரை எதிர்த்த தத் கால்சா, அவரைப் பின்பற்றிய பந்தயீ என்று இரு அணிகள் பகைத்தன. ரத்தன் சிங் பங்கு 1841 இல் முடித்த ‘பந்த் பிரகாஷ்’ அந்தப் பகையின் சாயலோடுதான் பந்தாவைப் பார்க்கிறது. 1935 இல் கண்டா சிங் பாரசீக ஆவணங்களைப் புரட்டி வாழ்க்கை வரலாறு எழுதிய பிறகே நிலைமை மாறியது.

இந்த அரங்கிடம் ஒரு கேள்வியை வைக்கிறேன். 1765 இல் சீக்கிய சர்தார்கள் லாகூரைப் பிடித்தபோது அடித்த நாணயத்தில் பந்தாவின் முத்திரையிலிருந்த அதே வாசகம் இருந்தது. பந்தாவின் சாவுக்கும் அதற்கும் இடையில் 49 ஆண்டுகள். அவற்றில் பெரும்பகுதியைச் சீக்கியர்கள் காடுகளிலும் மலைகளிலும் துரத்தப்பட்டே கழித்தார்கள். அவரோடு பிணங்கிய அணியினரின் வழிவந்தவர்களும் அந்த சர்தார்களிடையே இருந்திருக்க வேண்டும். அந்த வாசகம் எவர் வழியாக, எந்த எழுத்தர் கையில், எப்படி லாகூர் தங்கசாலைக்கு வந்து சேர்ந்தது? நாணயவியல் அமர்வில் கட்டுரை வாசிக்கிறவர்களிடம் இதை ஒப்படைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.