டர்போ லாரிக்கு எந்த ஏர் பில்டர்?



சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரியோடு ஏதாவதொரு உறவு இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. நாமக்கல்லில் பாடி கட்டுகிறார்கள். கேஸ் டேங்கர்கள் இங்கிருந்து தென்மாநிலங்களுக்கு ஓடுகின்றன. முட்டை லாரி இரவோடு இரவாகக் கேரளா போகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வடமாநிலங்கள் வரை போய் போர் போடுகிறது. லாரியைப் பற்றிய அறிவு இவ்வளவு திரண்டிருக்கும் மண்ணில், ஒரு பொருளை மட்டும் நாம் போதிய அக்கறையோடு தேர்ந்தெடுப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. அது ஏர் பில்டர். டயர் வாங்கும்போது கம்பெனி, தேதி, பட்டன் ஆழம் எல்லாம் பார்க்கிற ஓனர், ஏர் பில்டர் என்றதும் டிரைவர் கையில் பணத்தைக் கொடுத்து, "கடையில என்ன இருக்குதோ வாங்கிப் போட்டுக்க தம்பி" என்று சொல்லிவிடுகிறார்.

அந்தப் பில்டர் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால் 10,000 லிட்டர். கோடையில் நம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி ஒன்று கொள்ளும் அளவு காற்று, ஒரே ஒரு லிட்டர் டீசலுக்கு. டீசல் இன்ஜின் தேவைக்கு மேலேயே காற்றை இழுக்கும் என்பதால், நடைமுறையில் இது இன்னும் கூடும். 100 லிட்டர் எரித்தால் குறைந்தது பத்து லட்சம் லிட்டர் காற்று அந்த ஒற்றைக் காகித உருளையைக் கடந்து போயிருக்கும்.

அதிலும் டர்போ வண்டியின் கதை வேறு. புகை போகும் வழியில் ஒரு சக்கரம், அதே தண்டின் மறுமுனையில் காற்று வரும் வழியில் அலுமினியத்தில் இன்னொரு சக்கரம். லோடு வண்டி மேடு ஏறும்போது அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று என்ற கணக்கில் சுழலும். அந்த வேகத்தில் மணல் துகள் வந்து மோதினால் இறக்கைகளின் முன்விளிம்பு தேய்ந்து, டர்போ தள்ளும் காற்றின் அளவு குறையும். அதைத் தாண்டி உள்ளே போகும் தூசி பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

கண்ணுக்குத் தெரியும் மணலைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அதை எந்தப் பில்டரும் பிடித்துவிடும். இன்ஜினைத் தின்பது 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள நுண்தூசி. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இதன் சிறுமையை எண்ணிப் பாருங்கள். ரிங்குக்கும் லைனருக்கும் இடையிலுள்ள ஆயில் படலத்தில் புகுந்து, ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் இரும்பை அரைக்கும். பிறகு வண்டி ஆயில் குடிக்கும், பிரீதரில் புகை தள்ளும், இழுவை போய்விடும்.

எல்லாத் தூசியும் ஒன்றல்ல என்பதையும் நம் ஊர்க்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டும். சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டில் மாக்னசைட் வெட்டும் இடத்தில் வண்டி முழுக்க வெள்ளையாகிவிடும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் மாக்னசைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 4-ஐ ஒட்டித்தான். கல் குவாரியிலும் கிரஷரிலும் எழும் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. சாதாரண வார்ப்பிரும்பை அது தாராளமாகக் கீறும். அதனால் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றும் டிப்பருக்கும், தேசிய நெடுஞ்சாலையில் மட்டுமே ஓடும் டேங்கருக்கும் ஒரே பில்டர், ஒரே தவணை என்று வைத்துக்கொள்வது சரியில்லை.

பழைய லாரிகளில் எண்ணெய்த் தொட்டி வைத்த ஏர் கிளீனர் இருந்ததை மூத்த டிரைவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காற்று எண்ணெயில் மோதித் திரும்பும், தூசி எண்ணெயில் தங்கும். கழுவி, ஆயில் மாற்றி, மறுபடி மாட்டலாம். அந்தக் காலத்துக்கு அது நல்ல கருவி. ஆனால் இன்ஜின் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறைந்து தூசி தப்பிவிடும். நல்ல காகிதப் பில்டரோ எந்த வேகத்திலும் 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். டர்போ வந்த பிறகு காகிதம்தான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எண்ணெய்க் கிளீனர் போய்விட்டது, ஆனால் அதைக் கழுவி மாட்டிய பழக்கம் மட்டும் போகவில்லை. பட்டறைக்குப் பட்டறை இன்றும் கேட்கிற பேச்சு இது: "காத்தடிச்சுப் போட்டா இன்னும் நாலு லோடு ஓடுமுங்க, புதுசு எதுக்குங்க?" சொல்பவர் நம் காசை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் இந்தப் பழக்கத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். காகிதப் பில்டரில் முதலில் படியும் தூசியே, பின்னால் வரும் நுண்தூசியைப் பிடிக்கும் இரண்டாவது தடுப்பாகிறது. ஆகவே புதிதாக மாட்டிய நாளைவிட, ஓரளவு அழுக்கேறிய பிறகுதான் அது நன்றாக வடிகட்டுகிறது. டயர் கடைக் கம்ப்ரசர் காற்றை அதன்மேல் பீய்ச்சினால் அந்தப் படலம் போகும், கூடவே காகிதத்தின் இழைகளும் விலகும். பில்டரைச் சுத்தம் செய்ய அனுமதிக்கும் தயாரிப்பாளர்கள்கூட, பொதுவாக 30 பவுண்டு அழுத்தத்துக்குள், உட்புறமிருந்து வெளிப்புறமாக என்றுதான் சொல்கிறார்கள். டயர் கடைக் காற்று அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. டயரில் தட்டி உதறுவது இன்னும் மோசம், விளிம்பு நசுங்கி சீல் உட்காராமல் போகும்.

அப்படியானால் எப்போது மாற்றுவது? மூடியைத் திறந்து நிறம் பார்த்துச் சொல்ல முடியாது. திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூசி உள்ளே போகிறது. அதற்குத்தான் பில்டர் வீட்டிலோ அதன் குழாயிலோ சின்ன இண்டிகேட்டர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான டர்போ டீசல் இன்ஜின்களில், பில்டர் காற்றுக்குத் தரும் தடை சுமார் 25 அங்குலத் தண்ணீர் அளவை எட்டும்போது அது சிவப்பைக் காட்டும். ஐடிலிங்கில் நிற்கும் வண்டியில் அதைப் பார்த்துப் பயனில்லை. சேலத்திலிருந்து லோடோடு தொப்பூர் கணவாய் ஏறிய பிறகு பாருங்கள். இன்ஜின் முழு இழுப்பில் வேலை செய்தபோது எட்டிய அளவை அது பிடித்து வைத்திருக்கும். சிவப்பு வந்த பின்னும் ஓட்டினால் கரும்புகை வரும், டீசல் கூடும். அடைத்த பில்டருக்குப் பின்னால் டர்போ வெறுமையை இழுக்கும்போது, அதன் சீல் வழியாக இன்ஜின் ஆயிலே காற்றுப் பாதைக்குள் உறிஞ்சப்படும். டர்போ போய்விட்டது என்று கழற்றிப் போடப்படும் வண்டிகளில் சிலவற்றுக்கு உண்மையில் பில்டர்தான் மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

இனி கடைக்கு வருவோம். வண்டிக் கம்பெனியின் பெயரில் வருவதையோ, அந்தக் கம்பெனிகளுக்கே பில்டர் செய்து கொடுக்கும் நிறுவனங்களின் சரக்கையோ வாங்குவது என் முதல் பரிந்துரை. டொனால்ட்சன், ஃபிளீட்கார்ட், மான் போன்ற பெயர்கள் நம் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் பெட்டியை நம்பாதீர்கள், ஒரிஜினலைப் போலவே அச்சடித்த பெட்டிகள் உலவுகின்றன. பில்டரை வெளியே எடுங்கள். மடிப்புகள் சம இடைவெளியில் நிற்கின்றனவா, பழைய ஒரிஜினலில் இருந்த மடிப்புகளைவிடக் குறைந்திருக்கின்றனவா என்று எண்ணுங்கள். போலிக்காரன் முதலில் குறைப்பது காகிதத்தைத்தான். பிறகு முனையிலுள்ள சீலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கி உடனே பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். இருட்டில் உள்ளே ஒரு டார்ச்சை வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பில் வாங்காமல் வாங்காதீர்கள்.

சீலை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. காகிதம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஓரத்தில் நூலளவு இடைவெளி இருந்தால் காற்று அந்த எளிய வழியில்தான் போகும். சீல் சரியாக உட்காரவில்லை என்று அதன்மேல் கிரீஸ் பூசுகிறார்கள். கிரீஸ் தூசியைச் சேர்த்துப் பிடித்து, பொருந்தாத பில்டரைப் பொருந்தியது போலக் காட்டும். பொருந்தவில்லை என்றால் அது உங்கள் வண்டிக்கான பில்டர் அல்ல.

எண்ணெய் தடவிய பருத்தித் துணிப் பில்டரை, கழுவிக் கழுவிப் போடலாம், பிக்கப் கூடும் என்று சொல்லி விற்கிறார்கள். காற்றை எளிதாக விடும் பில்டர் பெரும்பாலும் தூசியையும் எளிதாக விடும். நம் செம்மண் சாலைக்கு அது வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் காற்றின் அளவைக் கணக்கிடும் சென்சார் பில்டருக்கு அடுத்தே இருக்கிறது. துணியிலிருந்து கிளம்பும் எண்ணெய் அதில் படிந்தால் கணக்கு தவறும், டாஷ்போர்டில் விளக்கு எரியும்.

பல வண்டிகளில் வெளிப் பில்டருக்கு உள்ளே இரண்டாவதாக ஒரு மெல்லிய பில்டர் இருக்கும். "ரெண்டு எதுக்கு?" என்று அதை எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிப் பில்டர் கிழிந்தாலோ, அதை மாற்றும்போதோ இன்ஜினைக் காப்பது அதுதான். அதைச் சுத்தம் செய்யவே கூடாது. வெளிப் பில்டரை மூன்று முறை மாற்றும்போது இதை ஒரு முறை மாற்றினால் போதும். பில்டர் வீட்டின் அடியில் தொங்கும் ரப்பர் மூக்கையும் கவனியுங்கள். சேர்ந்த தூசி அது வழியாகத்தான் தானே கொட்டுகிறது. விலை மிகக் குறைவு. அது அறுந்து விழுந்த வண்டி, சக்கரம் கிளப்பும் புழுதியை நேராக உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

ரிக் வண்டி ஓனர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் தொழிலே கருங்கல்லைப் பொடியாக்கிக் காற்றில் தள்ளுவது. லாரி இன்ஜின், கம்ப்ரசர் இன்ஜின், கம்ப்ரசர் எல்லாமே அந்தக் காற்றையே இழுக்கின்றன. பில்டருக்கு முன்னால் தூசியைச் சுழற்றிப் பிரிக்கும் முன்வடிகட்டியும், காகிதத்தின் மேல் நுண்ணிழை பூசிய பில்டரும் உங்களுக்கு அவசியச் செலவு. வண்டியை நிறுத்தும்போதே காற்று வீசும் திசையைப் பார்த்து, தூசி பில்டரை விட்டு விலகிப் போகும்படி நிறுத்துங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

பில்டரின் விலை ஆயிரங்களில், இன்ஜின் வேலை லட்சங்களில். அடுத்த முறை வண்டி பட்டறையில் நிற்கும்போது, பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ஹோஸைக் கழற்றச் சொல்லி, உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் நீங்கள் வாங்கிய பில்டர் நல்ல பில்டர். தூசி ஒட்டி வந்தால் பில்டரோடு நிற்காதீர்கள், ஹோஸையும் கிளாம்பையும் சேர்த்து மாற்றிய பிறகே லோடு ஏற்றுங்கள்.